சின்னக் காருக்குப் பெரிய வீல்: வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

ஒரு இன்ச்சோ இரண்டு இன்ச்சோ பெரிய அலாய் வீல் போட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரை எடுத்துக்கொள்கிறேன். 15 இன்ச் வீல், 6 இன்ச் அகல ரிம், ஆஃப்செட் 45 (இது என்ன என்பது கீழே வருகிறது), டயர் 185/65 ஆர்15. உங்கள் காரின் எண்கள் வேறாக இருந்தால் அவற்றை இந்த இடத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள். வழி மாறாது.

பெரிய வீல் போட்டால் கார் உயருமா?

சரியாகத் தேர்ந்தெடுத்தால் உயராது. வீல் பெரிதாகும் அளவுக்கு டயரின் பக்கச்சுவர் குறைய வேண்டும். தரையைத் தொடும் இடத்திலிருந்து டயரின் உச்சி வரையுள்ள மொத்த விட்டம் பழையபடியே இருக்க வேண்டும். கியர் விகிதம், ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், வீல் ஆர்ச்சுக்குள், அதாவது டயரை மூடியிருக்கும் வளைவுக்குள் இருக்கும் இடம் எல்லாம் அந்த விட்டத்தை வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. மொத்த விட்டத்தைக் காப்பாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினைகள் வருவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

185/65 ஆர்15 என்றால் என்ன?

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது மில்லிமீட்டர் அல்ல. பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம் என்று பொருள். ஆர் என்பது ரேடியல் டயர். 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஒரே வரிக்குள் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூன்றும் கலந்திருப்பதால்தான் பலருக்கும் குழப்பம்.

மொத்த விட்டம் காண, 15 இன்ச்சை 25.4ஆல் பெருக்கினால் 381 மி.மீ. பக்கச்சுவர் 185இல் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ.க்குச் சற்று மேல். அது மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தடவை வரும். கூட்டினால் 621.5 மி.மீ. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த டயரைப் பார்த்தாலும் இதனோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்படியானால் 16, 17 இன்ச்சுக்கு எந்த டயர்?

16 இன்ச்சில் 195/55 ஆர்16 போட்டால் விட்டம் 620.9 மி.மீ. பழையதற்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. இந்தக் காருக்கு இதைவிடப் பொருத்தமாக இன்னொன்று கிடைப்பது கடினம்.

17 இன்ச்சில் 205/45 ஆர்17 என்றால் 616.3 மி.மீ., 0.8 சதவீதம் குறைவு. 215/45 ஆர்17 என்றால் 625.3 மி.மீ., 0.6 சதவீதம் கூடுதல். ஆனால் அகலம் 30 மி.மீ. கூடிவிடுகிறது, அது வேறு தொல்லை. 205/50 ஆர்17 போட்டால் 636.8 மி.மீ., 2.5 சதவீதம் கூடுதல். இதை வைத்துக்கொண்டு "வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர்தானே" என்பார்கள். அதில் பாதி, ஏழெட்டு மில்லிமீட்டர், ஆர்ச்சின் பக்கம் நெருங்கும். சின்னக் காரில் அந்த ஏழெட்டு மில்லிமீட்டர்தான் உரசுவதற்கும் உரசாமல் போவதற்கும் நடுவில் இருப்பது.

பொதுவாக 3 சதவீதம் வரை பரவாயில்லை என்று சொல்லப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். சின்னக் காருக்கு நான் வைத்துக்கொள்ளும் எல்லை 1.5 சதவீதம். தேடினால் அதற்குள்ளேயே நல்ல அளவுகள் கிடைக்கின்றன. எல்லையின் விளிம்பில் போய் நிற்க எந்த அவசியமும் இல்லை.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

விட்டம் எத்தனை சதவீதம் மாறுகிறதோ அத்தனை சதவீதம் மாறும். டயர் 2.5 சதவீதம் பெரிதானால், முன்பு சரியாக 100 காட்டிய இடத்தில் நீங்கள் உண்மையில் 102.5 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். மீட்டர் குறைத்துக் காட்டுவது ஆபத்தான பக்கம். ஐக்கிய நாடுகளின் 39ஆம் எண் வாகன ஒழுங்குமுறைப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதிகபட்சம் 10 சதவீதமும் 4 கிலோமீட்டரும். அதனால் பெரும்பாலான கார்களில் மீட்டர் ஏற்கெனவே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடுகிறது. இரண்டு அளவுகளில் எதை எடுப்பது என்று தயங்கினால், துளி சிறியதை எடுங்கள்.

ஒரு இன்ச் கூட்டுவதா, இரண்டு இன்ச்சா?

ஒரு இன்ச். கேட்பவர்களுக்கு இந்தப் பதில் பெரும்பாலும் பிடிப்பதில்லை, ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

பக்கச்சுவரைப் பாருங்கள். 185/65இல் 120 மி.மீ., 195/55இல் 107, 205/45இல் 92, 18 இன்ச்சுக்குப் போய் 205/40 போட்டால் 82. சாலையில் ஒரு பள்ளத்தின் விளிம்பு மோதும்போது ரிம்முக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே இருக்கும் காற்று மெத்தை இதுதான். 16 இன்ச்சில் 13 மி.மீ.தான் இழக்கிறீர்கள், திருப்பத்தில் கார் சட்டென்று பதில் சொல்வது தெரியும், பயணிகளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 17 இன்ச்சில் 28 மி.மீ. போய்விடுகிறது. அப்போது ஒவ்வொரு சாலை இணைப்பும் ஸ்டீயரிங்கில் தட்டும். பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையவும், டயரின் பக்கவாட்டில் முட்டை போலப் புடைப்பு வரவும் வாய்ப்பு கூடும். புடைத்த டயருக்கு ஒட்டு கிடையாது; உள்ளே இழைகள் அறுந்திருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் ஓட்டும் சாலைகள் எல்லாம் வழவழப்பாக இருந்தால், அந்தக் காருக்குத் தயாரிப்பாளரே 17 இன்ச் கொடுத்திருந்தால், இரண்டு இன்ச் கூட்டலாம். மூன்று இன்ச் கூட்டுவது பார்வைக்காக மட்டும் செய்வது.

ரிம்மின் அகலத்தைப் பார்க்க வேண்டுமா? டயர் உட்கார்ந்தால் போதாதா?

பார்க்க வேண்டும். ஒவ்வொரு டயர் அளவுக்கும் அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் உண்டு, டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். 195/55 ஆர்16க்கு 5.5 முதல் 7 இன்ச் வரை, 205/45 ஆர்17க்கு 6.5 முதல் 7.5 வரை. ரிம் அரை இன்ச் அகலமானால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். பக்கத்தில் அச்சிட்ட 205 என்பது குறிப்பிட்ட ஓர் அகல ரிம்மில் அளந்த எண், எல்லா ரிம்மிலும் அப்படியே இருக்காது.

அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். காற்று கொஞ்சம் இறங்கிய நிலையில் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

ஆஃப்செட் என்றால் என்ன? எல்லோரும் இதைச் சொல்லியே பயமுறுத்துகிறார்கள்.

பயப்பட வேண்டாம், ஆனால் முழுப் பக்கத்திலும் மிக நிதானமாகப் படிக்க வேண்டியது இதுதான். ரிம்மின் அகலத்துக்குச் சரி நடுவில் ஒரு கோடு போடுங்கள். காரின் ஹப்பில் (வீல் மாட்டப்படும் மையப் பகுதியில்) போய் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். வீலில் ஈடி45 என்று பொறித்திருக்கும். ஈடி என்பது ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம். எண் கூடினால் வீல் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். இதை மட்டும் தலைகீழாக நினைத்துவிடக் கூடாது.

கணக்கு இப்படி. பழைய ரிம் 6 இன்ச், அதாவது 152.4 மி.மீ., அதில் பாதி 76.2. ஈடி45 என்பதால் ஹப் முகத்திலிருந்து உள்பக்கம் 76.2 + 45 = 121.2 மி.மீ., வெளிப்பக்கம் 76.2 − 45 = 31.2 மி.மீ.

இப்போது 7 இன்ச் அகலம், ஈடி40 கொண்ட 17 இன்ச் வீல் ஒன்றைக் கடையில் காட்டுகிறார்கள் என்று வையுங்கள். 7 இன்ச்சில் பாதி 88.9. உள்பக்கம் 128.9, வெளிப்பக்கம் 48.9. பழையதோடு ஒப்பிட்டால் உள்ளே ஸ்ட்ரட்டின் (சஸ்பென்ஷன் தூணின்) பக்கம் 7.7 மி.மீ. நெருங்குகிறது, வெளியே ஃபெண்டரின் (வீலைச் சுற்றியுள்ள வெளித்தகட்டின்) பக்கம் 17.7 மி.மீ. வருகிறது. "வெறும் ஐந்து மில்லிமீட்டர் ஆஃப்செட் வித்தியாசம்தான்" என்று கடைக்காரர் சொல்லும்போது ரிம் அகலத்தால் வரும் மீதி 12.7 மி.மீ.யை அவர் சேர்க்கவில்லை. அதே 7 இன்ச் ரிம் ஈடி45இல் கிடைத்தால் இருபுறமும் சமமாக 12.7 மி.மீ. கூடும். 16 இன்ச், 6.5 அகலம், ஈடி45 என்றால் இருபுறமும் 6.35 மி.மீ. மட்டுமே. ஒரு இன்ச் கூட்டுவதையே நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபெண்டரில் இடம் இருந்தாலும் வீலை மிகவும் வெளியே தள்ளக் கூடாது. முன்வீல் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுப்பகுதிக்கும் உள்ள தூரம் மாறிவிடும். எஞ்சின் முன்வீல்களைச் சுழற்றும் சின்னக் கார்களில் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதாக உணர்வீர்கள். வீல் பேரிங்கின் மீதும் நெம்புகோல் போலக் கூடுதல் பாரம் விழும். மூல ஆஃப்செட்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. பத்தைத் தாண்டினால் வேறு வீல் தேடுங்கள்.

பிசிடி 4×100 என்கிறார்கள். 4×98 வீலும் கிட்டத்தட்ட அதே அளவுதானே?

கிட்டத்தட்ட என்பதுதான் ஆபத்து. நான்கு ஸ்டட் (நட் ஏறும் திருகுக் கம்பி), அவற்றின் மையங்களை இணைக்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. என்று பொருள். சுசுகி, ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டா ஆகியவற்றின் பல சின்னக் கார்கள் 4×100. ஃபோர்டு ஃபியஸ்டா 4×108. ஃபியட்டின் சின்னக் கார்கள் 4×98. ஃபோக்ஸ்வாகன் போலோ 5×100, அதே நிறுவனத்தின் பிந்தைய கோல்ஃப் 5×112. ஒரே நிறுவனம் என்பதால் ஒரே பிசிடி என்று நினைத்துவிட வேண்டாம்.

4×98 வீலை 4×100 ஹப்பில் வலிந்து முறுக்கி ஏற்ற முடியும். நட்டுகள் கோணலாக உட்காரும், ஸ்டட் வளையும், ஓடும்போது தளரும். பிசிடியில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

நடு ஓட்டை பெரிதாக இருக்கிறதே, பரவாயில்லையா?

பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் வெளிச்சந்தை வீல்களில் சென்டர் போர் பெரிதாக, பல சமயம் 73.1 மி.மீ. வரைகூட இருக்கும். உங்கள் ஹப்போ அதைவிடச் சிறியது: ஹோண்டாவின் 4×100 கார்களில் 56.1, ஃபோக்ஸ்வாகனில் 57.1, ஃபோர்டின் 4×108 கார்களில் 63.4. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்னும் வளையம் போட வேண்டும். உள்விட்டம் ஹப்புக்கும், வெளிவிட்டம் வீலுக்கும் சரியாக இருக்க வேண்டும். போடாவிட்டால் வீல் நூலிழை மையம் விலகி உட்கார்ந்து, பேலன்ஸிங் சரியாக இருந்தும் 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். எத்தனை முறை பேலன்ஸிங் செய்தாலும் தீராத அதிர்வு என்று வந்தால் முதலில் இந்த வளையத்தைப் பாருங்கள்.

வீலின் ஓட்டை ஹப்பைவிடச் சிறியதாக இருந்தால் அந்த வீல் உங்களுக்கு இல்லை.

பழைய நட்டையே போடலாமா?

பெரும்பாலும் கூடாது. நட் உட்காரும் இடத்தின் வடிவம் முக்கியம். வெளிச்சந்தை அலாய்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு வடிவ நட்டுக்கானவை. ஹோண்டாவின் மூல நட்டும் ஃபோக்ஸ்வாகனின் மூல போல்ட்டும் உருண்டை வடிவ இருக்கை கொண்டவை. டொயோட்டாவின் பல அலாய்களில் தட்டை வாஷர் நட். கூம்புக் குழிக்குள் உருண்டை நட்டை வைத்தால் ஒரு மெல்லிய வட்டத்தில் மட்டும்தான் தொடும். இறுக்கும்போது இறுகியது போலத் தெரியும், நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும்.

நட்டின் புரியையும், அதாவது மரையையும் பாருங்கள். சுசுகியில் 12 மி.மீ. ஸ்டட், புரி இடைவெளி 1.25 மி.மீ. ஹோண்டாவிலும் டொயோட்டாவிலும் அதே 12 மி.மீ., ஆனால் 1.5. கையால் ஓரிரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும் நட்டை ஸ்பானரால் அழுத்தி ஏற்றாதீர்கள். நட் ஸ்டட்டின் விட்டத்தளவாவது உள்ளே ஏற வேண்டும், 12 மி.மீ. ஸ்டட், 1.5 புரி என்றால் முழுதாக எட்டுச் சுற்று, 1.25 என்றால் பத்து. எண்ணிப் பாருங்கள்.

உரசுமா உரசாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒருவர் மட்டும் உட்கார்ந்து கடை வாசலில் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்ப்பது சோதனை அல்ல. நான் அப்படித்தான் ஏமாந்தேன். 7 இன்ச் ரிம், ஈடி35, மாட்டிவிட்டு நகருக்குள் ஒரு சுற்று வந்தேன், சத்தமே இல்லை. அந்த வாரம் பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையப் பெட்டிகளோடு கிளம்பினோம். முதல் வேகத்தடையிலேயே பின்னால் கரகரவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் ஃபெண்டரின் உள்மடிப்பு டயரின் தோளைக் கத்தி போலச் சீவியிருந்தது, இருபுறமும். அந்த இரண்டு டயரும் போயின. அன்றைக்குப் பிறகு நண்பர் யார் வீல் வாங்கப் போனாலும் கூடவே போய்விடுகிறேன்.

சரியான சோதனை இப்படி. காரில் முழு ஆட்கள், முழுப் பாரம். முன்வீலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். ரிவர்ஸில் உரசுவது முன்னோக்கிப் போகும்போது தெரியாமல் இருக்கும். பிறகு ஒரு முன்வீலை மட்டும் உயரமான பலகை மீது ஏற்றி, ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். ஆர்ச்சின் உள்ளே, ஃபெண்டர் மடிப்பில், பிளாஸ்டிக் லைனரில் சாக்பீஸ் தடவிவிட்டு ஒரு நாள் ஓட்டினால், எங்கே தொட்டதோ அங்கே அழிந்திருக்கும். உள்பக்கம் ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு பேனா தாராளமாகப் போய்வர வேண்டும். ஓடும்போது டயர் பக்கவாட்டில் நெளியும், அதற்கும் இடம் தேவை.

இன்னொன்று, பலரும் மறப்பது: பிரேக் காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம். வீல் பெரிதானால் பிரேக்குக்கு இடம் கூடும் என்று நினைப்போம். விட்டத்தில் கூடும், உண்மை. ஆனால் ஸ்போக் உட்புறம் வளைந்து வந்தால் காலிப்பரின் முகத்தில் இடிக்கும். டயர் மாட்டுவதற்கு முன் வெறும் ரிம்மை முன்பக்கம் மாட்டிக் கையால் சுழற்றிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் 88எச் என்று இருக்கிறதே?

அளவைப் பார்ப்பவர்கள் பலர், இதைப் பார்ப்பவர்கள் சிலர். எனக்கு இதில்தான் அதிகக் கவலை. எண் சுமைக் குறியீடு, எழுத்து வேகக் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 87 என்றால் 545, 84 என்றால் 500, 91 என்றால் 615. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை, டி என்றால் 190, வி என்றால் 240.

இப்போது நம் உதாரணத்துக்கு வாருங்கள். பழைய 185/65 ஆர்15இல் இருப்பது அந்த 88. 205/45 ஆர்17 சாதாரண டயரின் குறியீடு 84. பார்வைக்கு அகலமாக, முரட்டுத்தனமாக இருக்கிறது. ஆனால் பழைய ஒல்லி டயரைவிட ஒவ்வொன்றும் 60 கிலோ குறைவாகத்தான் தாங்கும். காரணம் எளிது. பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. பக்கச்சுவர் குட்டையானதும் காற்றுக்கான இடம் குறைந்துவிட்டது.

இதற்கென்றே எக்ஸ்எல் என்று குறித்த டயர்கள் வருகின்றன. 205/45 ஆர்17 எக்ஸ்எல் என்றால் 88, பழையதற்குச் சமம். காரின் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ சொல்லப்பட்ட குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள்.

"என் கார் ஆயிரம் கிலோதானே, நான்கு டயரும் சேர்ந்து இரண்டாயிரம் தாங்குமே" என்று கேட்பார்கள். எஞ்சின் முன்னால் இருக்கிறது, பாரம் நான்காகச் சமமாகப் பிரிவதில்லை. ஐந்து பேரும் சாமான்களும் ஏறி, பிரேக் பிடித்து, அதே நேரம் திரும்பினால் வெளிப்பக்க முன் டயரின் மேல் வந்து விழும் பாரம் வேறு.

காற்று எவ்வளவு வைப்பது? பழைய அளவேதானா?

எக்ஸ்எல் டயரானால் பழைய அளவு போதாது. சாதாரண டயர் தன் முழுச் சுமையை 250 கிலோபாஸ்கலில், அதாவது சுமார் 36 பிஎஸ்ஐயில் தாங்கும்படி தரப்படுத்தப்பட்டது. எக்ஸ்எல் அதே சுமையைத் தாங்க 290 கிலோபாஸ்கல், சுமார் 42 பிஎஸ்ஐ வேண்டும். ஆகவே முன்பு 33 வைத்திருந்த காரில், அதே சுமைக் குறியீடுள்ள எக்ஸ்எல்லுக்கு ஏறக்குறைய 38 வைத்தால்தான் அதே பாரத்தைத் தாங்கும். டயர் தயாரிப்பாளரின் சுமை–அழுத்த அட்டவணையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால்தான் கணக்கு.

குட்டைப் பக்கச்சுவர் டயரில் காற்று குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. பழைய டயர் போல வயிறு தள்ளாது. மாதம் இரண்டு முறை கேஜ் வைத்துப் பாருங்கள்.

மைலேஜும் பிக்கப்பும் குறையுமா?

குறையலாம், எவ்வளவு என்பது எடையைப் பொறுத்தது. பெரிய வீலில் உலோகம் மையத்தை விட்டு விலகி விளிம்புக்குப் போகிறது. சுழற்றுவதற்கான எதிர்ப்பு, மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால் விளிம்பில் கூடும் ஒரு கிலோவைச் சின்ன எஞ்சின் ஒவ்வொரு சிக்னலிலும் உணரும். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் சஸ்பென்ஷனும் திணறும்.

வாங்கும் முன் தராசில் வையுங்கள். பழைய வீலை டயரோடு நிறுத்துக் குறித்துக்கொண்டு, புதியதன் ரிம் எடையையும் டயர் எடையையும் தனித்தனியே கேளுங்கள். மலிவான வார்ப்பு அலாய் சில சமயம் மூல ஸ்டீல் வீலைவிட எடை கூடியதாக இருக்கும். அலாய் என்றாலே லேசு என்பது உண்மையல்ல. ஃப்ளோ ஃபார்மிங் முறையில் செய்தவை வார்ப்பைவிட லேசானவை, ஃபோர்ஜ்டு அதைவிட லேசானது.

பிடிமானம் கூடுமே?

உலர்ந்த சாலையில், திருப்பத்தில், கூடும். தேங்கிய மழைநீரில் அகல டயர் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டியிருப்பதால் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். ஒன்று சொல்கிறேன்: பழைய அளவிலேயே நல்ல தரமான டயர், பெரிய அளவில் மட்டமான டயரைவிட எப்போதும் நன்றாகப் பிடிக்கும். பணம் இரண்டுக்கும் போதாது என்றால் வீலை விட்டுவிட்டு டயரை வாங்குங்கள்.

இதே காரின் உயர் வேரியன்ட்டில் வரும் வீலை வாங்கலாமா?

தாராளமாக. இருப்பதிலேயே நிம்மதியான வழி. ஆஃப்செட், பிசிடி, சென்டர் போர் எல்லாம் தயாரிப்பாளரே பார்த்து முடித்தது. டயர் அளவு, காற்றழுத்தம் எல்லாம் கையேட்டிலேயே இருக்கும். ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: சில கார்களின் பெரிய வீல் வேரியன்ட்டில் ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பாதபடி கொஞ்சம் கட்டுப்படுத்தியிருப்பார்கள். கார் திரும்ப எடுக்கும் வட்டம் இரண்டு வேரியன்ட்டிலும் வேறு வேறாகக் கொடுத்திருந்தால், உங்கள் காரில் கடைசித் திருப்பத்தில் லைனர் உரசலாம்.

ஸ்பேஸர் போட்டுச் சரிசெய்யலாம் என்கிறார்களே?

சரியான ஆஃப்செட் வீல் கிடைக்கும்போது ஸ்பேஸர் எதற்கு? ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்டட்டில் சொருகி நிற்கும் அந்தத் தட்டை வளையம் நட்டின் புரிப் பிடிப்பைக் குறைத்துவிடுகிறது. தவிருங்கள்.

தரமான வீல் என்று எப்படி அடையாளம் காண்பது?

உட்புறம் பாருங்கள். ஜேடபிள்யூஎல், விஐஏ என்னும் ஜப்பானியத் தர முத்திரைகளோ, ஜெர்மனியின் கேபிஏ எண்ணோ, டியூவி சான்றோ இருக்கலாம். முத்திரையைப் போலியாகவும் அச்சிடலாம் என்பதால் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் மாடலும் கூடவே இருக்க வேண்டும். 690 கிலோ என்பது போல ஒரு சுமை எண்ணும் வார்த்திருக்கும்; உங்கள் காரின் அதிகபட்ச ஆக்ஸில் சுமையில் பாதியை அது தாண்ட வேண்டும். ஒரு பெரிய நிறுவனத்தின் புகழ்பெற்ற டிசைனை அப்படியே நகல் எடுத்து, பெயரில்லாமல் வரும் வீல்கள் நிறைய. ஸ்போக் உடைந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசியுங்கள்.

பழைய வீல் வாங்கினால் பேலன்ஸிங் மெஷினில் மாட்டிச் சுழற்றச் சொல்லுங்கள். வளைவு கண்ணுக்கே தெரியும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் உட்புற விளிம்பில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய டயரோடு வந்தால் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

ஸ்டெப்னி?

மொத்த விட்டம் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் பழைய 15 இன்ச் வீலே தற்காலிகமாகப் போதும். அதற்குரிய பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். இருட்டில், சாலையோரத்தில், கூம்பு நட்டை வைத்துக்கொண்டு மூல வீலை மாட்ட முடியாமல் நிற்பதைவிட வேதனை இல்லை.

சட்டம், காப்பீடு?

நாட்டுக்கு நாடு வேறுபடும். வீல் ஃபெண்டருக்கு வெளியே துருத்தக் கூடாது என்பது பல இடங்களில் விதி. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் நாளில் எதையெல்லாம் கவனிப்பது?

முதலில் டயர் இல்லாமல் ஒரு ரிம்மை முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். டயர் ஏற்றிய பிறகு அந்த வீலை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. ஹப் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஹப் ரிங்கை வையுங்கள். காற்றழுத்த சென்சார் இருந்தால் பழைய வீலிலிருந்து எடுத்துப் புதியதில் போடச் சொல்லுங்கள். சென்சார் இல்லாமல் ஏபிஎஸ் மூலம் கண்டுபிடிக்கும் கார் என்றால் மெனுவில் போய் ரீசெட் செய்ய வேண்டும்.

நட்டுகளைக் கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில் எதிரெதிராக இறுக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரால்) கையேட்டு அளவுக்கு முடிக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் கடகடவென்று இறுக்கிவிட்டு அடுத்த காருக்குப் போகும் ஆளை நிறுத்திக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். பிறகு அலைன்மென்ட். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் ஆறிய பிறகு அதே ரெஞ்சால் ஒவ்வொரு நட்டையும் மறுபடி பார்த்துவிடுங்கள். புதிய அலாயில் பெயின்ட் அழுந்தி நட் கொஞ்சம் இளகுவது வழக்கம்தான்.